பால் புட்டியும் மது பாட்டிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பத்தைச் சமீபத்தில்தான் கேட்டேன். பாட்டுகள் பிடித்தன, அட்டைப்படம்தான் பிடிபடவில்லை. மங்கலான பழைய குடும்பப் போட்டோ, பெரியவர்களின் கண்களில் கறுப்புப் பட்டை. அடையாளத்தை மறைக்கத்தான் பட்டை என்றால் முதலில் குழந்தையின் கண்களை அல்லவா மறைத்திருக்க வேண்டும்? குழந்தையைக் காட்டி இரக்கம் தேடுவதாகவே எனக்குப் பட்டது.

க.

அன்புள்ள க.,

நீங்கள் சரியான இடத்தில்தான் தடுக்கியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை கென்ட்ரிக்கேதான். இந்தக் கதை முழுக்கத் தன் கண் வழியாகப் பார்த்தது, அதனால்தான் தன் கண்களை மட்டும் மறைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரியவர்களின் பார்வை நமக்கு அடைபட்டிருக்கிறது. அவர் வளர்ந்த கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத்தை இனி அந்தக் குழந்தை பார்த்தபடிதான் நாம் பார்க்க முடியும்.

அப்புறம் மேசையைப் பாருங்கள். குழந்தையின் பால் புட்டி நிற்கிறது. பக்கத்திலேயே 40 அவுன்ஸ் மது பாட்டில், ஒரு லிட்டருக்கும் மேல் பிடிப்பது. யாரும் அவற்றைத் திட்டமிட்டு அருகருகே வைக்கவில்லை. அந்த வீட்டில் இரண்டும் புழங்கின, அவ்வளவுதான். குழந்தையை மடியில் வைத்திருப்பவரின் விரல்களையும் கவனியுங்கள். அது தெருக்கும்பலின் சைகை. பிள்ளையை அணைத்திருக்கும் கையே அதையும் காட்டுகிறது. எனக்கு இந்தப் படத்தில் தொண்டையை அடைக்கும் இடம் இதுதான். அந்த மனிதரிடம் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரக்கம் தேடுகிற படம் என்றால் குழந்தை அழுதிருக்கும், வீடு இடிந்து கிடந்திருக்கும். இங்கே எல்லாம் சாதாரணமாக இருக்கிறது. போலராய்டு படத்தின் வெள்ளை ஓரம், கையால் எழுதியது போன்ற தலைப்பு என்று யார் வீட்டு அலமாரியிலும் கிடக்கக்கூடிய படம்.

குழந்தை முகம் ராப்பில் புதிதும் அல்ல. 1994-இல் வந்த, ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தின் அட்டையில், அவருடைய அப்பா எடுத்த சிறுவயதுப் போட்டோவை நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புத் தெருவின் மேல் பதித்திருந்தார்கள். அருமையான அட்டை. ஆனால் அங்கே முகத்தையும் தெருவையும் வடிவமைப்பாளர் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. 2012-இல் கென்ட்ரிக் எடுத்துக்கொண்ட போட்டோவில் தெரு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டைகளை மட்டும் போட்டால் போதுமாக இருந்தது. அந்தத் துணிச்சலால்தான் எனக்கு இது ஒரு படி மேல்.

இன்னொன்று. அட்டையின் மூலையில் பெற்றோருக்கான எச்சரிக்கை லேபிள் இருக்கிறது. ஆபாசமான பாட்டு வரிகளுக்கு 1985-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் ஒட்டத் தொடங்கியது. அதுவும் கறுப்புப் பட்டைதான். இந்தப் பாட்டுகள் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல என்கிறது. அதே அட்டையில் கைக்குழந்தை ஒன்று, அந்த மேசைக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.