பிராண்டு மாத்திரைக்கு 30 சதவீதம் நம் கையிலிருந்தா?

கேள்வி: கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் மாமனாரின் ஓபிடி (மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சை) மருந்துச் செலவும் கிடைக்கிறது. இந்த ஆண்டு முதல் ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாமல் மூலப்பொருள் பெயரில் விற்கும் மருந்து) வாங்கினால் முழுத் தொகை, பிராண்டு வாங்கினால் 30 சதவீதம் நாங்கள் போட வேண்டுமாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். "மட்டமான மருந்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்" என்று பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: டாக்டர் எழுதியதை இன்சூரன்ஸ்காரர் மாற்றுவதா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: மெட்ஃபார்மினுக்கும் டெல்மிசார்டனுக்கும் காப்புரிமை முடிந்து பல வருடமாகிறது, அதனால் பல கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரிக்கின்றன. அவர் நம்பிச் சாப்பிடும் பிராண்டும் உள்ளுக்குள் ஜெனரிக் சரக்குதான், அட்டையில் ஒரு பெயர் கூடுதல், அவ்வளவே.

கணக்கைப் பாருங்கள். பிராண்டு பில் 2,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 600. ஜெனரிக் மருந்து விற்கும் அரசுத் திட்டக் கடைகளான ஜன் ஔஷதியில் விலை பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம் வரை குறைவு என்கிறது அரசு. 80 சதவீதம் குறைந்தால் மொத்த பில்லே 400தான்! ஓபிடிக்கு ஆண்டு உச்சவரம்பு இருந்தால் அதுவும் சீக்கிரம் தீராது. பில்லை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் கிளெய்ம் நகராது.

மாற்றும்போது மூலப்பொருள், மில்லிகிராம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மெட்ஃபார்மினில் எஸ்.ஆர். என்று எழுதியிருந்தால் எஸ்.ஆர்.தான் வாங்க வேண்டும், அது மெதுவாகக் கரையும் வகை. சாதா மாத்திரை அதற்கு ஈடாகாது. டெல்மிசார்டனோடு வேறு மருந்து சேர்ந்த மாத்திரையா என்றும் பாருங்கள். கடைக்காரர் அவசரத்தில் இதைத்தான் கோட்டை விடுவார்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் நான் மாமனார் கட்சி. அளவில் சிறு வித்தியாசம்கூட ரத்தத்தில் தெரியும் மருந்து அது. ஒத்துப்போகிற பிராண்டை மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யச் சொல்லுங்கள்.

அந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். குரூப் பாலிசியின் நிபந்தனைகள் கம்பெனியும் இன்சூரன்ஸ் நிறுவனமும் பேசி முடித்தவை. அதனால் கால் சென்டரில் மல்லுக்கட்டாமல், டாக்டரிடம் காரணத்தோடு ஒரு கடிதம் வாங்கி, கணவரை எச்.ஆரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.