கமோத்தே: செபுவானோச் சொல் குறித்து கேள்வி பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸின் செபு தீவில் பேசும் செபுவானோ மொழியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குக் கமோத்தே என்கிறார்கள். ஸ்பானியச் சொல்தானே?

பதில்: ஸ்பானியர் கொண்டுவந்த சொல். பிறந்த இடம் மெக்சிகோ. அங்குள்ள நாவாட் மொழியில் அது கமோத்லி. 1571இல் மோலினா என்ற ஸ்பானியத் துறவி அச்சிட்ட அகராதியிலேயே இருக்கிறது. 'த்ல்', 'த்லி' என்று முடிபவை ஸ்பானியர் வாயில் 'தே' ஆகிவிடும். தொமாத்ல் தொமாத்தே ஆனது. நம் சௌசௌவைச் செபுவில் சயோத்தே என்பதும் இப்படித்தான்.

ஸ்பானியரிடம் இக்கிழங்குக்கு இன்னொரு பெயரும் இருந்தது: பத்தாத்தா, கரீபியத் தீவுகளின் தைனோச் சொல். (போர்த்துக்கீசியர் வழியாக வந்து மும்பையின் படாடா வடையில் நிற்பது அதுதான்.) பிறகு ஏன் செபுவில் கமோத்தே? கப்பல் வந்த திசையைப் பாருங்கள். 1564 நவம்பரில் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி புறப்பட்டது மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து. செபு சேர்ந்தது 1565 ஏப்ரலில். பின்னர் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே கப்பல் ஓடியது. செபுக்காரர் காதில் விழுந்தது மெக்சிகோவில் ஊறிய ஸ்பானியம். ஒரு சொல் எந்த மொழி என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தத் துறைமுகம் என்றும் கேளுங்கள்.

கேள்வி: செபுவானோவில் மேசைக்கு லமேசா, காலணிக்குச் சபாத்தோஸ். இரண்டும் தமிழிலிருந்து போனவையா?

பதில்: இல்லை. நம் மேசையும் ஈழத்துச் சப்பாத்தும் போர்த்துக்கீசியம் தந்தவை. அவர்களுடையவை ஸ்பானியம் தந்தவை. ஒலி ஒத்தால் போதாது, வழியைக் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்பானியர் தீவின் பெயர் கேட்டார்களாம், கிழங்கு தோண்டியவர் கமோத்தே என்றாராம். செபுவுக்கு அருகிலுள்ள கமோத்தெஸ் தீவுகளின் பெயர் அப்படி வந்ததா?

பதில்: இதே கதையை எத்தனையோ ஊர்களுக்குச் சொல்கிறார்கள். சான்றாக ஏற்கமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் கமோத்தே ஸ்பானியச் சொல்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொலினீசியாவில் இதே கிழங்கு குமாரா. கமோத்தே அதிலிருந்து வந்திருக்கலாமே?

பதில்: 'க', 'ம' இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு பசிபிக்கைக் கடக்க முடியாது. குமாராவின் தொடர்பு தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியோடு.

கேள்வி: பொலினீசிய மொழிகளும் செபுவானோவும் ஒரே குடும்பமாயிற்றே!

பதில்: ஆம், இரண்டும் ஆஸ்திரோனேசியம். ஆனால் குமாரா பொலினீசியருக்கே இரவல் சொல், மூதாதையர் விட்டுப்போனதல்ல. குடும்பச் சொல் வேண்டுமென்றால் வள்ளிக்கிழங்கை (சர்க்கரைவள்ளி அல்ல, ஆங்கிலத்தில் யாம் என்பது) எடுங்கள்: செபுவானோவில் ஊபி, சமோவாவில் ஊஃபி. அந்த உறவுக்காக நானும் வாதாடுவேன்.