சாண்ட்விச் செயின் கடைகளால் சுற்றுச்சூழலுக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், நிறையவே முடியும். ஆனால் எந்தக் கடை செய்கிறது, எது சும்மா சொல்லிக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமானால் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது மிஞ்சிய சரக்கு எங்கே போகிறது, ரொட்டிக்கு நடுவில் எதை வைத்து விற்கிறார்கள், வந்த காசில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது என்று பாருங்கள். மூங்கில் ஸ்பூனும் பச்சை இலை போட்ட லோகோவும் அதற்கெல்லாம் பிறகுதான்.

நான் லண்டனில் படித்தபோது ஒரு சாண்ட்விச் செயினில் மாலை ஷிஃப்ட் பார்த்தவன். இப்போது வேலை வேறு. ஆனாலும் ஓலியோ என்ற செயலியில் தன்னார்வலராகச் சேர்ந்து, கடைகளில் மிஞ்சுவதை மூடும் நேரத்தில் வாங்கி வந்து எங்கள் பகுதியில் கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பிரிட்டனை வைத்தே அதிகம் சொல்கிறேன்.

முதலில், மிச்சம் ஏன் விழுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் அலமாரியில் இரண்டே இரண்டு பாக்கெட் கிடந்தால் கஸ்டமர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆகவே கடைசிவரை அலமாரி நிறைந்து தெரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அப்படியென்றால் தினமும் மிச்சம் விழும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். கண் முன்னே ரொட்டியைப் பிளந்து செய்து கொடுக்கும் கடைகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் ரொட்டியும் வெட்டி வைத்த காய்கறியும்தான். முன்கூட்டியே செய்து அடுக்கும் கடைகளில்தான் முழு சாண்ட்விச்சாகக் குப்பைக்குப் போகும்.

நான் வேலை பார்த்த கடையில் எல்லாம் கறுப்புப் பைக்குள் போனது. வேலையாட்கள் எடுத்துப் போகவும் தடை. கேட்டால், யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் வழக்கு நம் மேல் வரும் என்பார்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் படுத்திருப்பார். பையை அவரைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏனென்றால் அந்தப் பயத்துக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டப்படி இத்தகைய உணவை 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘இதற்குள் உண்ணவும்’ தேதி தாண்டக் கூடாது. ஒவ்வாமைப் பொருள்கள் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒவ்வாமை விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016-ல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், பாகெட் என்ற நீள ரொட்டியின் மாவிலேயே எள் கலந்திருந்தது தெரியாமல் தின்று உயிரிழந்தாள். அதன்பின் பெற்றோர் போராடியதால், கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி விற்கும் உணவிலும் சேர்மானம் முழுவதையும் எழுத வேண்டும் என்று 2021 அக்டோபர் 1 முதல் சட்டம் வந்தது. இந்த லேபிள் இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் முன்பின் தெரியாதவர் கையில் ஒரு சாண்ட்விச்சைத் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு தானம் செய்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் மிஞ்சுவதைத் தர்ம அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2016-ல் சட்டம் போட்டது.

இதை ஒழுங்காகச் செய்பவர்களில் முதலில் சொல்ல வேண்டியது பிரெட் அ மேஞ்சர். 1986-ல் லண்டனில் தொடங்கியது. கடைக்குள்ளேயே சமையலறை வைத்து அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதை அன்று மாலையே தர்ம அமைப்புகளுக்குக் கொடுப்பதைப் பல காலமாக வழக்கமாக வைத்திருக்கிறார்கள். 1995-லிருந்து இதற்கென ஓர் அறக்கட்டளையும் உண்டு. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2008-ல் அவர்கள் ஆரம்பித்த ‘ரைசிங் ஸ்டார்ஸ்’ திட்டம். வீடில்லாமல் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்துக் கடையில் வேலைக்கு வைக்கிறார்கள். தெருவில் இருப்பவருக்கு வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே வந்துதான் பார்த்தேன். சம்பளம் போட வங்கிக் கணக்கு கேட்பார்கள். கணக்குத் தொடங்க முகவரி கேட்பார்கள். முகவரிக்கு வாடகை வேண்டும், வாடகைக்குச் சம்பளம் வேண்டும். இந்த வளையத்தை எங்கேயாவது ஓர் இடத்தில் ஒருவர் அறுத்துவிட்டால் அந்த மனிதர் மேலே வந்துவிடுவார். ஊருக்கு ஊர் கிளை வைத்து, எப்போதும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒரு செயினால் அதைச் சுலபமாக அறுக்க முடியும்.

அடுத்தது கிரெக்ஸ். சாண்ட்விச், ரோல், பேஸ்ட்ரி என்று சாமானியர் சாப்பிடும் கடை. 1939-ல் ஜான் கிரெக் என்பவர் நியூகாசில் பக்கம் சைக்கிளில் முட்டையும் ஈஸ்ட்டும் விற்றதில் தொடங்கியது. 1951-ல் கோஸ்ஃபோர்த்தில் முதல் கடை. மற்ற கிளைகளில் அன்று விற்காததை மறுநாள் குறைந்த விலைக்கு விற்பதற்கென்றே தனிக் கடைகளை, வருமானம் குறைந்த பகுதிகளாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கொடுப்பதைவிட இது ஒரு வகையில் மேல் என்பேன். வாங்குபவர் காசு கொடுத்து, தனக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துப் போகிறார்; யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு தரும் திட்டத்தை கிரெக்ஸ் 1999-ல் ஆரம்பித்தது. நம் ஊரில் 2022-ல் அரசே காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பார்த்திருப்பீர்கள், பசியோடு வரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை மண்டையில் ஏறாது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் இலவசக் காலை உணவு என்று அரசு இறங்கி, முதல் 750 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது 2025 ஏப்ரலில்தான். அதுவரை பல பள்ளிகளில் இந்தச் சுமையைத் தர்ம அமைப்புகளும் இப்படிச் சில கம்பெனிகளும்தான் தூக்கின.

கிரெக்ஸ் லாபத்தில் 10 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 2019-ல் இறைச்சியில்லாத சாசேஜ் ரோல் கொண்டுவந்து விற்பனை எகிறியதும், 2020 ஜனவரியில் பெரும்பாலான ஊழியர்களுக்கு ஆளுக்கு 300 பவுண்டு தனியாகக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சமூகம் என்று கம்பெனிகள் எங்கெங்கோ தேடுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணும் அதே தெருக்காரிதான். அவள் சம்பளத்தையும் ஷிஃப்டையும் ஒழுங்குபடுத்தாத செயின், பக்கத்துப் பூங்காவில் மரம் நட்டுப் போட்டோ எடுப்பதை நான் மதிக்க மாட்டேன்.

இப்போது ரொட்டிக்கு நடுவில் இருப்பது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் 40 வகை சாண்ட்விச்களை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்று கணக்கிட்டார்கள். முட்டை, பேக்கன், சாசேஜ் வைத்த ‘ஆல் டே பிரேக்ஃபாஸ்ட்’ ரகம்தான் மோசம்: ஒன்றுக்கு 1,441 கிராம். கார் ஒன்று கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம் என்றார்கள். கடையில் வாங்கும் சாண்ட்விச்சின் கார்பனில் பெரும்பங்கு வயலிலும் பண்ணையிலும் பொருள் விளைந்து பதமாகும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. கடையில் குளிரூட்டி வைப்பதற்கு 25 சதவீதம் வரை. எல்லோரும் வாய் ஓயாமல் பேசும் பேக்கேஜிங்கோ அதிகபட்சம் 8.5 சதவீதம்தான். ஆகவே மாட்டிறைச்சி, பேக்கன் இவற்றைக் குறைத்து, கொண்டைக்கடலை, பயறு, வறுத்த காய்கறி வைத்த ரகங்களைக் கண் மட்டத்தில், நல்ல ருசியில், குறைந்த விலையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு விஷயம். சைவம் என்றாலே பூமிக்கு நல்லது என்று நினைத்துச் சீஸை அடுக்குகிறோம். ஒரு கிலோ சீஸ் செய்ய 20 கிலோவுக்கு மேல் பசுங்குடில் வாயு வெளியாகிறது. கோழியிறைச்சிக்கு அதில் பாதிகூட இல்லை. மாடு, பால் என்று வந்துவிட்டால் மீத்தேன் கூடவே வரும். பால் இல்லாத சைவமாகப் பார்த்து வாங்குங்கள்.

டியூனா சாண்ட்விச் இங்கே நன்றாக விற்கும். அந்தச் சூரை மீன் பெரிய சுருக்குவலை போட்டுப் பிடித்ததா, தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்ததா என்பது முக்கியம். வலையில் சுறாவும் ஆமையும் சேர்ந்து சாகும். தூண்டிலில் அது மிகக் குறைவு. மாலத்தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். 2012-ல் அதற்குச் சர்வதேசச் சான்றும் கிடைத்தது. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசி அந்த மீன்தான். ஒரு செயின் தன் டியூனா முழுவதையும் தூண்டில் மீனாக மாற்றினால், கடை இருக்கும் ஊரோடு நில்லாமல் இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றின் மீனவக் குடும்பங்களுக்கும் பிழைப்பு நிற்கும்.

பேக்கேஜிங்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பிரிட்டனில் வருஷத்துக்கு 250 கோடி காகிதக் கப் குப்பையாவதாக 2018-ல் நாடாளுமன்றக் குழு சொன்னது. சொந்தக் கப் கொண்டுவந்தால் 50 பென்ஸ் தள்ளுபடி என்று பிரெட் அறிவித்ததும் அந்த நேரத்தில்தான். நல்ல காரியம். இருந்தாலும் சட்டம் போட்டால்தான் எல்லாக் கடையும் ஒன்றாக மாறும். பிரான்ஸில் 2023 ஜனவரி முதல் 20 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய கடைகள், உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக் கழுவிப் பயன்படுத்தும் தட்டும் டம்ளரும்தான் தர வேண்டும். துரித உணவுச் செயின்களும் முணுமுணுத்துக்கொண்டே மாறிவிட்டன.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ஃபிராஞ்சைஸ் முறை, அதாவது கம்பெனியின் பெயரில் வேறொருவர் தன் செலவில் கடை நடத்துவது. 1965-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்த சப்வேயை எடுத்துக்கொண்டால், அங்கே கடை நடத்துபவர் விற்பனையில் 8 சதவீதம் ராயல்டி, 4.5 சதவீதம் விளம்பரத்துக்கு என்று 12.5 சதவீதத்தைக் கட்டி வந்தார். மொத்த விற்பனையில், லாபத்தில் அல்ல. இந்த முறையில் பொருளையும் கம்பெனி ஒப்புக்கொண்ட சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். பக்கத்து ஊர் விவசாயியின் தக்காளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்க வழியில்லை. வேறொரு செயினின் கிளை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம், மிஞ்சும் உணவைத் தனியாகப் பிரிக்கலாமே என்று பேசினேன். “தம்பி, அவங்கள் வித்த காசில பங்கெடுக்கிறாங்கள். லாபம் வந்ததோ இல்லையோ அவங்களுக்குக் கவலையில்லை. தனி வாளிக்கும் அதை எடுக்கிற லொறிக்கும் ஆர் காசு குடுக்கிறது, நான்தானே?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்கள் உணவுக் கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2025 மார்ச் 31 முதல் சட்டமே வந்துவிட்டது. செலவு அண்ணா போன்றவர்கள் தலையில். பசுமை வாக்குறுதி கொடுப்பது தலைமை அலுவலகம் என்றால், அந்தச் செலவை ராயல்டியில் கழித்துக் கொடுக்க வேண்டியதும் அதுதான்.

செலவில்லாத வழியும் உண்டு. அமெரிக்காவில் ஃபயர்ஹவுஸ் சப்ஸ் என்று ஒரு செயின். 1994-ல் ஃபுளோரிடாவில் தீயணைப்பு வீரர்களாக இருந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. ஊறுகாய் வெள்ளரி வரும் பெரிய பிளாஸ்டிக் வாளிகளைக் குப்பையில் போடாமல், இரண்டு மூன்று டாலர் நன்கொடைக்குக் கஸ்டமரிடமே கொடுக்கிறார்கள். அந்தக் காசு, கத்ரீனா புயலுக்குப் பிறகு 2005-ல் அவர்கள் ஏற்படுத்திய அறக்கட்டளைக்குப் போய், ஊர்த் தீயணைப்பு நிலையங்களுக்குக் கருவியாகத் திரும்புகிறது.

மிச்சிகனின் ஆன் ஆர்பரில் உள்ள ஜிங்கர்மன்ஸ் 1982-ல் தொடங்கிய சாண்ட்விச் கடை. நாடெங்கும் கிளை திறக்காமல், ரொட்டிக்கூடம், பால்பண்ணைப் பொருள் கூடம் என்று அதே ஊரைச் சுற்றியே தொழிலைப் பெருக்கினார்கள். 1988-ல் அவர்கள் தொடங்கிய உணவு மீட்பு அமைப்புதான் இன்று அந்த மாவட்டத்துக்கே உணவு வங்கி. செயின் நடத்துபவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்தியாவில் இப்படிக் கடை நடத்துபவர்களோ அங்கே வேலை செய்பவர்களோ இதைப் படித்தால்: மிஞ்சிய உணவை மீட்டு வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-லேயே விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ராபின் ஹூட் ஆர்மி போன்ற தன்னார்வலர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சேர்மானம் எழுதிய லேபிள், குளிர் விடாத பெட்டி, தினமும் ஒரே நேரத்துக்கு வரும் ஆள், இவ்வளவு போதும். முதல் வாரமே எந்த ரகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். மறுநாள் எவ்வளவு செய்வது என்பதை அதை வைத்தே குறைக்கலாம்; மிச்சத்தைக் கொடுப்பதைவிட மிச்சமே விழாமல் பார்ப்பதுதான் முதல் வேலை.