நீலகிரி மக்களவைத் தொகுதியில் புதியவர் ஒருவர் சுயேச்சையாக நிற்கிறார். ஆதரவாளர்கள் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கட்சிப் பின்னணி இல்லாத ஒருவர் அடுத்த மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் நிற்க முடிவெடுத்திருக்கிறார். நாங்கள் பதினைந்து பேர் இருக்கிறோம். பணம் குறைவு, உற்சாகம் அதிகம். என்ன வேலையை எப்போது செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் காலண்டரைப் பாருங்கள். 2024 இல் தமிழ்நாட்டில் மார்ச் 20 அன்று வேட்புமனு தொடங்கியது. 27 கடைசி நாள், 28 பரிசீலனை, 30 வாபஸ், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான், அதாவது மார்ச் 30 மாலை. பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலை 6 மணிக்கு ஓய்ந்தது. நடுவில் 18 நாள். பெரிய கட்சிகளின் சின்னம் மூன்று தலைமுறைக்குப் பழக்கம். உங்கள் ஆளின் சின்னத்தை ஊர் முழுக்கத் தெரியவைக்க உங்களுக்கு இருப்பது அந்த 18 நாள் மட்டுமே. ஆகவே சின்னம் இல்லாமல் செய்யக்கூடிய வேலை எதையும் அந்த 18 நாளுக்குள் தள்ளிவிடாதீர்கள். பெயர், முகம், பூத் ஆட்கள், கணக்கு, காகிதம் எல்லாம் மார்ச்சுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது தொகுதி. நீலகிரி என்றதும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று வண்டி எடுத்துவிடுகிறார்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றும்தான் மலை. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், அவிநாசி திருப்பூர் மாவட்டம், பவானிசாகர் ஈரோடு மாவட்டம். வாக்காளர்களில் பாதிக்கும் மேல் இந்தச் சமவெளியில் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலையையும் யானை பிரச்சினையையும் மட்டும் அச்சடித்த நோட்டீஸை அவிநாசி விசைத்தறிக்காரர் கையில் கொடுத்தால் மடித்துப் பையில் வைப்பார், படிக்க மாட்டார். பந்தலூரிலிருந்து அவிநாசி வரை 150 கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. பவானிசாகரிலேயே தாளவாடி போக வேண்டுமென்றால் திம்பத்தின் 27 வளைவுகள், இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு வேறு. வேட்பாளரை ஒரே நாளில் கூடலூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஓட்டுவது டீசலுக்குச் செய்யும் பிரச்சாரம்.

பதினைந்து பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு நாளைக்கு நான்கு இடம் என்று போட்டால் 18 நாளில் 216 இடம். தொகுதியில் வாக்குச்சாவடிகள் ஆயிரத்தைத் தாண்டும். எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதை முதல் கூட்டத்திலேயே ஒத்துக்கொண்டு, வேட்பாளருக்கு உறவோ தொழிலோ பழக்கமோ உள்ள இரண்டு சட்டமன்றத் தொகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நான்குக்கும் வேட்பாளர் தலா ஒரு நாள் போனால் போதும். அடுத்த தேர்தலுக்கு முன் தொகுதி மறுவரையறை நடந்தால் இந்த எல்லைகளே மாறும். அறிவிப்பு வந்ததும் வரைபடத்தைப் புதிதாகப் பாருங்கள்.

இனி தகுதி. 2009 தேர்தலிலிருந்து இது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. வேட்பாளர் 25 வயது நிறைந்தவராக, சாதிச் சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். படுகர், பழங்குடியினர் சமூகங்களிலிருந்து நல்ல ஆள் இருந்தாலும் இங்கே நிற்க முடியாது; பலர் இதை ஆறு மாதம் வேலை செய்த பிறகு கண்டுபிடிக்கிறார்கள். டெபாசிட் 12,500 ரூபாய். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும். 2024 இல் சுமார் 10 லட்சம் வாக்குகள் பதிவாயின, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தைத் திரும்பாத கணக்கிலேயே எழுதுங்கள்.

சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும். (1996 இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டு புத்தகம் போல ஆனது. அந்த ஆண்டில்தான் பத்துப் பேர் என்ற விதி வந்தது, டெபாசிட்டும் உயர்ந்தது.) பத்துப் பேரும் இந்த மக்களவைத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும், எந்தச் சாதியினராகவும் இருக்கலாம். ஒருவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் பத்து ஒன்பதாகிவிடும், மனு தள்ளுபடி. ஒரே டெபாசிட்டில் நான்கு மனுக்கள் வரை போடலாம் என்பதால், வெவ்வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுக்களாவது போடுங்கள். 2025 கடைசியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பழைய பட்டியலை நம்பாதீர்கள். ஒவ்வொருவர் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலில் விரல் வைத்துப் பாருங்கள். கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைப்பவரை முன்மொழிபவராகச் சேர்த்தால், அதை அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும். வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தால் செல்லாது.

மனுவோடு படிவம் 26 பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு, வருமான வரி என்று எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். கோடு போடாதீர்கள். இன்னொன்று, புதியவர்கள் வழக்கமாக மறப்பது: அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். கடைசி நாள் மதியம் 2.50க்கு ஊட்டி கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடி வந்தவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. மனு வாங்குவது 11 மணி முதல் 3 மணி வரை. மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர் பர்லியாரில் ஒரு லாரி மறித்து நின்றாலே போச்சு. முந்தின இரவே ஊட்டியில் தங்குங்கள்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆதரவாளர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள் எல்லாம் இங்கேதான்.

மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வேட்பாளர் பெயரில் தனியாகவோ, தேர்தல் முகவரோடு சேர்த்தோ இருக்கலாம். மனைவி பெயரோடு சேர்த்துத் தொடங்கக் கூடாது. வரவும் செலவும் அதன் வழியேதான். ஒரே ஆளுக்கு மொத்தத் தேர்தல் காலத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவோ, வாங்கவோ கூடாது. செலவு உச்சவரம்பு 95 லட்சம். உங்களுக்கு அது பிரச்சினை இல்லை, கணக்கு எழுதுவதுதான் பிரச்சினை. பதிவேட்டில் வெள்ளைத் தாள் தினச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரச்சாரத்தின்போது மூன்று முறை இதைக் காட்ட வேண்டும். தேர்தல் அலுவலர்கள் உங்கள் கூட்டங்களை வீடியோ எடுத்துத் தனியாக ஒரு நிழல் கணக்கு வைத்திருப்பார்கள். நாற்காலி, மைக் செட், ஜீப், டீ ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் உண்டு. சித்தப்பா ஓசியில் கொடுத்த ஜீப்பானாலும் பட்டியல் விலை உங்கள் கணக்கில் ஏறும். ஐம்பது நாற்காலி போட்டு இருபது என்று எழுதினால், வீடியோவில் எண்ணிச் சொல்வார்கள்.

வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆதரவாளர் தன் கைக்காசில் போஸ்டர் அடிப்பது சட்டப்படி குற்றம். பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு அனுமதிக் கடிதம் கொடுத்துவிடுங்கள், செலவு செய்த அன்றே ரசீதை வாங்கிக் கோத்துவிடுங்கள். எந்த நோட்டீஸிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்க வேண்டும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு அச்சகத்துக்கு உறுதிப் படிவம் தர வேண்டும். சுயேச்சைக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது, கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கேரள, கர்நாடக எல்லை இரண்டும் இருப்பதால் கூடலூர்ப் பக்கம் சோதனைச் சாவடிகள் நெருக்கம்.

இனி மக்களைப் பார்ப்பது. மலையில் ஊர்வலம், கார் வரிசை எல்லாம் பெரிய கட்சிகளுக்கு. உங்களுக்கு ஏற்ற இடம் இலை எடை போடும் இடம். பிற்பகலில் இலைச் சாக்கோடு பெண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். தராசில் தன் முறை வரும்வரை ஆளுக்குக் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும், கை மட்டும் ஓய்வாக இருக்கும். அங்கே பேச்சு வேண்டாம். உள்ளங்கை அளவு சீட்டு ஒன்றும், மாதிரி வாக்கு இயந்திரம் ஒன்றும் போதும். மாதிரி இயந்திரம் உண்மையானதில் பாதி அளவில், மரத்திலோ பிளைவுட்டிலோ, பழுப்பு, மஞ்சள், சாம்பல் நிறத்தில் இருக்கலாம். உங்கள் வேட்பாளரின் பெயரும் சின்னமும் மட்டும் அதில் இருக்கட்டும். ‘எங்கே அமுக்கணும்னு நீங்களே அமுக்கிப் பாருங்கக்கா’ என்று கையில் கொடுங்கள். சுயேச்சைகள் பெயர் எப்போதும் கட்சிகளுக்குக் கீழேதான் வரும். நோட்டாவோடு சேர்த்து 16 பொத்தானைத் தாண்டினால் இரண்டாவது இயந்திரம் வைப்பார்கள், உங்கள் ஆள் அதில் போய் உட்காரக்கூடும். ‘ரெண்டாவது பெட்டி, மேலிருந்து இத்தனையாவது’ என்பதை வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், அவருக்குப் போட வந்தவரே முதல் பெட்டியில் தேடிவிட்டு வேறெதையோ அமுக்கிவிட்டுப் போவார். எடை போடும் இடமும் லைன் வீடுகளும் (தொழிலாளர் குடியிருப்பு) எஸ்டேட்டுக்குள் என்றால் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு போங்கள். படுகர் ஹட்டிகளில் (கிராமங்களில்) ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீடு வீடாகப் போவது மரியாதைக் குறைவு.

சின்னத்துக்கு மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி மனுவிலேயே எழுத வேண்டும். கூடலூரில் மலையாளம், தாளவாடியில் கன்னடம், ஹட்டியில் படுகு, மற்ற இடத்தில் தமிழ். நான்கிலும் சட்டென்று பெயர் சொல்லக்கூடிய பொருளாக, குழந்தை வரையக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.

மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் தோரணம் எதுவும் வேண்டாம். கோயம்புத்தூரில் மலிவாக அடித்துக் கொண்டு வரும் மூட்டை அடிவாரச் சாவடியிலேயே நின்றுவிடும். துணி, காகிதம், எவர்சில்வர் டம்ளர். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் கோடை மழை வரும், பொதுக்கூட்டத்தைக் காலையில் வையுங்கள். கூடலூர், பந்தலூரில் இருட்டிய பிறகு பைக்கில் ஆள் அனுப்பாதீர்கள், யானை. கூட்டம், வண்டி, ஒலிபெருக்கி எதற்கும் தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் 48 மணி நேரம் முன்னதாக விண்ணப்பியுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

வாக்குப்பதிவு நாளில் மாதிரி வாக்குப்பதிவு 90 நிமிடம் முன்னதாக, அதாவது 5.30க்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு மலையில் பஸ் கிடையாது. ஆகவே பூத் ஏஜென்ட் அந்தச் சாவடிக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் குடியிருப்பவராக, அந்தப் பாகத்து வாக்காளராகவே இருக்கட்டும். ஏஜென்ட்டை நியமிக்கும் படிவம் 10 இல் வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்திட வேண்டும். நூறு பூத்துக்கு நூறு படிவம் என்றால் கையெழுத்துக்கே ஒரு முழு மாலை போகும், அதைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். மாதிரியில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு அழிப்பதை ஏஜென்ட் கண்ணால் பார்க்க வேண்டும். முடிவில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக்கூடாது.

மலையில் பெரிய சபலம், நடக்க முடியாத பாட்டியை ஜீப்பில் ஏற்றி பூத்துக்குக் கொண்டு போவது. வாக்காளரை வேட்பாளர் தரப்பு வண்டியில் ஏற்றுவது ஊழல் நடவடிக்கை. வென்றாலும் தேர்தல் செல்லாமல் போகலாம். 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க 12டி படிவம் உண்டு. அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பட்டியலைப் பார்த்து மார்ச்சிலேயே செய்யுங்கள்.

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவருக்கும் இதே விதிதான். செய்யாவிட்டால் மூன்றாண்டு நிற்கத் தடை வரலாம். 2024 இல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது, கெடு ஜூலை 4. அப்போது கூடலூரில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், மைக் செட் போட்டவர் போனை எடுக்க மாட்டார். ரசீதுகளை வாக்குப்பதிவு முடிந்த வாரத்திலேயே நேரில் போய் வாங்கி வைத்துவிடுங்கள்.