மூட்டில் ‘எண்ணெய்’ வற்றுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நாலு அடி நடந்ததும் விட்டுவிடுகிறது. மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதை நம்பி நடப்பதையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்காலில் உள்ள வழுவழுப்பான திரவம், நல்ல ஆரோக்கியத்திலேயே ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. மூட்டின் உட்சவ்வு அதை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. சொல்லப்போனால், தேய்ந்த மூட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது அது அளவுக்கு மீறிச் சுரந்து முழங்கால் வீங்குவதைத்தான்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்குச் சோறு போடுவது இந்தத் திரவம்தான். காலை ஊன்றும்போது எடை ஏறி, பிழிந்த பஞ்சுபோல் குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறுகிறது. காலைத் தூக்கியதும் ஊட்டத்தோடு உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. உட்கார்ந்தே கிடந்தால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடும். அதனால் நடங்கள். வலித்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

சில நிமிடங்களில் விட்டுவிடும் பிடிப்பு, தேய்மானத்தின் தொடக்கத்தில் வழக்கமானதுதான். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிப்பு நீடித்து, மூட்டு வீங்கிச் சூடாகவும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது அழற்சியால் வரும் வாதமாக இருக்கலாம்.

விரல்களில் நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

தேயாது. அது எலும்போடு எலும்பு உரசும் சத்தம் அல்ல. விரலை இழுக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் சட்டெனக் குறைய, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. அது மீண்டும் கரைய 20 நிமிடம் போல ஆகும் என்பதால்தான் அதே விரலில் உடனே இன்னொரு நெட்டி வருவதில்லை. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 ஆண்டுகள் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்து, இரு கைகளுக்கும் வாதத்தில் வித்தியாசம் இல்லை என்று 1998-இல் எழுதினார். ஒருவரின் கை மட்டும் ஆதாரமாகாது. பலரை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் நெட்டிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

எனக்குத் தோள்மூட்டு இரண்டு முறை விலகிவிட்டது. இடுப்பு அப்படி விலகுவதில்லையே, ஏன்?

இரண்டும் பந்துக்கிண்ண மூட்டுகள்தான். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழமானது. தொடை எலும்பின் தலை அதற்குள் நன்றாகப் புதைந்திருக்கிறது. தோளில் அது கிண்ணம் என்பதைவிடச் சிறு தட்டு என்பதே பொருத்தம். பந்தின் மூன்றில் ஒரு பங்குகூட ஒரு நேரத்தில் அதைத் தொடாது. கையைத் தலைக்குமேல் தூக்கவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் முடிவது அதனால்தான். பந்தைப் பிடித்துவைப்பது எலும்பு அல்ல. தட்டின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம், சுற்றியுள்ள ஜவ்வு, நான்கு சிறு தசைகள்.

முதல்முறை விலகும்போது, பெரும்பாலும் முன்பக்கமாக, அந்த விளிம்பு கிழிந்துவிடுகிறது. அடுத்தமுறை தடுக்க ஆள் இல்லை. முதல் விலகல் சின்ன வயதில் நடந்திருந்தால் மறுபடி விலகும் வாய்ப்பு இன்னும் அதிகம். உங்களுக்கு இரண்டு முறை ஆகிவிட்டதால், எலும்பு மருத்துவரைப் பார்த்து விளிம்பின் நிலையை ஸ்கேனில் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி போதுமா, தைக்க வேண்டுமா என்பது அதன்பிறகு.

முழங்கை கதவுக் கீல் மாதிரி என்கிறார்கள். பிறகு உள்ளங்கை எப்படித் திரும்புகிறது?

அழகான கேள்வி. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்து அல்னாதான் கீல். அது பெரிதாக அசையாது. பெருவிரல் பக்கத்து ஆரை எலும்பு, முழங்கையருகே ஒரு நார் வளையத்துக்குள் சுழன்று, அல்னாவின் குறுக்கே படுத்துக்கொள்கிறது. கீலும் சுழலும் மூட்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

சின்னக் குழந்தைகளுக்கு இந்த வளையம் இன்னும் இறுகியிருக்காது. கையைப் பிடித்து வெடுக்கென இழுத்தால் ஆரை எலும்பின் தலை அதிலிருந்து நழுவிவிடும். குழந்தை கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள், மணிக்கட்டைப் பிடித்து அல்ல.