பசுமைக்குடில் கிட்டில் வெல்டிங் வைத்ததால் வாரன்டி போய்விடுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் வீட்டுக்குப் பின்னால் மல்லிகைக் குச்சி நட்டு, வேர் பிடித்ததும் நாற்றாக விற்கிறார். பிப்ரவரியில் ஓர் இணையதளத்தில் பார்த்து, 10 அடிக்கு 20 அடி பசுமைக்குடில் கிட் ஒன்றை 38,500 ரூபாய்க்கு நேரடியாக அந்தக் கம்பெனியிடமே வாங்கியிருக்கிறார். 'துருப்பிடிக்காத ஜிஐ பைப், 100 கிலோமீட்டர் வேகக் காற்றையும் தாங்கும், இரண்டு பேர் ஒரே நாளில் மாட்டிவிடலாம்' என்பது விளம்பரம். வந்த பெட்டியைப் பிரித்தால் கிளாம்ப் 6 குறைகிறது, குடிலை மூடுகிற ஷீட்டைப் பிடிக்கிற ஸ்பிரிங்கிலும் ஒரு கட்டு வரவில்லை, மாட்டும் முறை என்று ஒரே ஒரு தாள், அதிலும் படம் மட்டும்தான். வாட்ஸப்பில் கேட்டதற்கு, 'பக்கத்தில் வெல்டரை வைத்து அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் பிறகு அனுப்புகிறோம்' என்று பதில். ஸ்பிரிங் வரவே இல்லை. ஆடியில் கச்சான் காற்று அடித்தபோது ஷீட் கிழிந்து, கதவு பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்து 2 ஷீட் உடைந்துவிட்டது. பைப்பில் அதற்குள்ளேயே துரு. பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'வெல்டிங் வைத்துவிட்டீர்கள், வாரன்டி கிடையாது, 7 நாள் ரிட்டர்னும் முடிந்துவிட்டது, வழக்கு என்றால் எங்கள் ஊர் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்' என்கிறார்களாம்.

சகோதரி, அவர்கள் சொன்ன மூன்றில் வெல்டிங்கை மட்டும்தான் நான் யோசிக்க வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. வெல்டரை வைத்து அட்ஜஸ்ட் செய்யச் சொன்னது யார்? அவர்களேதான். குறைந்த பாகத்தை அனுப்பாமல், இப்படிச் செய்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுப்பது எந்த நுகர்வோர் ஆணையத்திலும் எடுபடக் கூடிய வாதம் இல்லை. அந்த ஒரு செய்திதான் உங்கள் வழக்குக்கு உயிர். அதனால் போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள், 'மறையும் செய்தி' வசதி போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அவர்களுடைய எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி எடுங்கள். மொத்த உரையாடலையும் ஏற்றுமதி செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும் இணைத்துவிடுவதே நல்லது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமாக ஒரு வாய்ப்பைக் கொடுப்பானேன்?

இரண்டாவது, பைப். தயவுசெய்து அதைக் காயலாங்கடையில் போட்டுவிடாதீர்கள். இடத்தை அடைக்கிறது, பார்த்தாலே வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள், புரிகிறது, ஆனாலும் வழக்கு முடியும்வரை ஒரு ஓரமாகச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். பொருளில் குறை இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாவிட்டால், ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது (பரிசோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரும்). அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டும் இல்லையா?

இங்கே ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஜிஐ பைப் என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் வைக்கிற இடத்தில் அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோகும், அங்கே துரு வருவது சகஜம், அதை அவர்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், வெல்டிங்கிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, யாரும் கை வைக்காத நடுப்பைப்பில், பொரிப் பொரியாகத் துரு கிளம்பியிருக்கிறது. 5 மாதத்தில். உப்புக் காற்றுதான், தென்கடலும் வடகடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர்தான், ஆனாலும் 'துருப்பிடிக்காது' என்று சொல்லி விற்ற பைப் அது, தங்கச்சிமடம் என்று முகவரி எழுதி வாங்கிய பிறகு அனுப்பிய பைப். ஆகவே ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, வெல்டிங் இடம் ஒன்று, அதிலிருந்து 3 அடி தள்ளி ஒன்று, பைப்பின் வெட்டு முனை ஒன்று, என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். வெல்டிங் வைத்தவரிடம் எத்தனை இடத்தில் வைத்தார், ஏன் வைத்தார், என்ன கூலி வாங்கினார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஷீட் கிழிந்த விதமும் முக்கியம். ஸ்பிரிங் இல்லாத பக்கத்தில்தான் ஷீட் தளர்ந்து படபடத்துக் கிழிந்திருக்கிறது என்றால், வராத பாகமே காரணம் என்று சொல்ல முடியும். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுங்கள்.

7 நாள் ரிட்டர்ன் கதைக்கு வருகிறேன். அது மனசு மாறித் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு அவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு. குறையுள்ள பொருளுக்கும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளுக்கும் அது பொருந்தாது, இணைய வணிக விதிகள் 2020 அதைத் தெளிவாகச் சொல்கின்றன. விற்ற குறைப்பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல், பணத்தையும் கொடுக்காமல் இழுத்தடிப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி 'நியாயமற்ற வணிக நடைமுறை'. 'எங்கள் ஊர் கோர்ட்' என்பதும் அப்படித்தான். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை, 2020 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கிடைத்த பெரிய வசதி. நீங்கள் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கப்போகிற கேள்வி. 'இந்த அம்மா நாற்று விற்கிறவர், வியாபாரத்துக்கு வாங்கியிருக்கிறார், இவர் நுகர்வோரே கிடையாது' என்பார்கள். இதில்தான் பல நல்ல வழக்குகள் போய்விழுகின்றன, அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று 2(7) பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. 1995ல் லக்ஷ்மி என்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவரையும், கார் வாங்கித் தானே டாக்சி ஓட்டுகிறவரையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றது. 2024ல் இன்னொரு தீர்ப்பில், வியாபார நோக்கம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே புகார் மனுவில் நாற்று விற்பதை மறைக்காதீர்கள். மறைத்து, பிறகு குறுக்கு விசாரணையில் வந்தால் மொத்தமும் போச்சு. 'நானே குச்சி நட்டு, நானே தண்ணீர் ஊற்றி, நாற்று விற்றுக் குடும்பம் நடத்துகிறேன், இது என் சுயதொழில், இதற்காக மட்டுமே வாங்கினேன்' என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உதவுவதையும் எழுதலாம், அதனால் கெடுதல் இல்லை.

பக்கத்து வீட்டுக் கூரை. இது மனசுக்குக் கஷ்டமான விஷயம், தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். கம்பெனி கொடுக்கட்டும் என்று அவர்களைக் காக்க வைக்காதீர்கள். உங்கள் வளவிலிருந்து போன கதவு, அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள், கேட்கவும் உரிமை இருக்கிறது. 2 ஷீட்டுக்கும் கூலிக்கும் ஆன பணத்தைக் கொடுத்துவிட்டு, கடை பில்லும் பணம் பெற்றதாக ஒரு துண்டுச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் என்று கம்பெனியிடம் கேட்கலாம். சட்டத்தில் 'பொருளால் வந்த கேட்டுக்குப் பொறுப்பு' என்று தனியாக ஒரு அத்தியாயமே உண்டு, ஆனால் பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் மேல் அந்த நடவடிக்கை எடுக்க முடியாது என்று அதன் 87வது பிரிவு சொல்கிறது, வெல்டிங்கைக் காட்டி அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனவே குறையுள்ள பொருள், குறைவாக வந்த பாகங்கள், பொய்யான விளம்பரம் என்று முன்வைத்து, 39வது பிரிவின்படி விலையைத் திருப்பித் தரவும் நஷ்டஈடு தரவும் கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது? 38,500, வெல்டர் கூலி, கூரைச் செலவு, வாடிப்போன நாற்று, மன உளைச்சல், வழக்குச் செலவு. நாற்றுக் கணக்கை மட்டும் குத்துமதிப்பாக அடித்துவிடாதீர்கள், போன வருஷம் வாங்கியவர்கள் அனுப்பிய ஜிபே வரவுகள் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். யாரோ 10 லட்சம் கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 38,500 ரூபாய்ப் பொருளுக்கு 10 லட்சம் என்று பார்த்தால், நியாயமான பகுதியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

கடலோரம் என்பதால் உங்களுக்கே சிக்கல் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், கட்டுமானம் கூடாத பகுதியில்கூட விவசாயமும் தோட்டமும் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் அடுத்த முறை குடில் போடும்போது கான்கிரீட் அஸ்திவாரம் போடுவதாக இருந்தால், உங்கள் சர்வே எண் எந்த வரம்புக்குள் வருகிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ், ஒரு பக்கம் போதும், பில்லில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அதே கடிதத்தை மெயிலிலும் போடுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லைதான், ஆனால் சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஒரு புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் ஆணையத்தில் புகார். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே கிடையாது. 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள், இது தெரியாமல் எத்தனையோ பேர் கடன் வாங்கி ஃபீஸ் கொடுக்கிறார்கள்.

காலக்கெடு 2 வருஷம். ஆடியிலிருந்து எண்ணலாம் என்று நாம் வாதாடலாம், ஆனால் பிப்ரவரி பில் தேதியிலிருந்து எண்ணி அதற்குள் போட்டுவிட்டால் அந்த வாதமே தேவைப்படாது. பில் தெர்மல் தாளில் இருந்தால் எழுத்து மங்கிவிடும், இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.