18 வயதோடு தகப்பனின் பொறுப்பு முடிகிறதா?

வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து ஆறு ஆண்டுகளாகின்றன, மணநீக்கம் பெறவில்லை. அவர் வவுனியாவில் அரச திணைக்களம் ஒன்றில் வேலை செய்கிறார். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி மகளுக்காக மாதாமாதம் பணம் கட்டிவந்தவர், அவளுக்கு 18 வயது முடிந்ததும் நிறுத்திவிட்டார். மகள் இப்போது பொறியியல் படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். கேட்டால், "படிப்பை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, சீதன வீட்டையும் உன்னிடமே விட்டுவிட்டேன், இனி என்ன கணக்கு?" என்கிறார். நான் ஆசிரியை. எனக்குச் சம்பளம் இருப்பதால் வழக்கு நிற்காது என்று உறவினர் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: உறவினர் சொல்வதும் சரியல்ல, உங்கள் கணவர் சொல்வதும் சரியல்ல. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு நின்றுவிடாமல், 18 வயதைக் கடந்து 25 வயதை எட்டாத பிள்ளைகளையும் தனியாகக் குறிப்பிடுகிறது. அந்த வயதிலுள்ள மகனோ மகளோ தன்னைத் தானே பராமரிக்க இயலாத நிலையில் இருக்க, போதிய வசதியுள்ள தாயோ தந்தையோ பராமரிக்கத் தவறினால் அல்லது மறுத்தால், மாதாந்தம் ஒரு தொகையைக் கட்டும்படி நீதவான் கட்டளையிடலாம். முழுநேரமாகப் பொறியியல் படிக்கும் மாணவிக்குச் சொந்த வருமானம் இல்லை என்பதை நிறுவுவது கடினமான காரியமல்ல.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்த உரிமை யாருடையது என்பது. இது உங்களுடையது அல்ல, மகளுடையது. கணவருக்கும் உங்களுக்கும் இடையில் யார் யாரை விட்டுப் போனார்கள், யார் என்ன பேசினார்கள் என்பவை இந்த விண்ணப்பத்தைத் தொடுவதில்லை. மகளும் இப்போது வயது வந்தவள் என்பதால், பழைய கட்டளையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவள் தன் பெயரிலேயே புதிய விண்ணப்பம் செய்வதுதான் பாதுகாப்பான வழி. பழைய கட்டளையின் கீழ் 18 வயது வரைக்குமான நிலுவை ஏதும் இருந்தால் அதைத் தனியாக அறவிடலாம். விண்ணப்பதாரர் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்கை வைக்கலாம் என்பதால், தந்தை வவுனியாவில் இருக்கிறார் என்று நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை.

அடுத்தது சீதன வீடு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட காணியும் வீடும் அவளுடைய தனிச் சொத்து. அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அது கணவனுக்கும் சொந்தம் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. உங்களுடையதை உங்களிடமே விட்டுவிட்டுப் போனதை, மகளுக்குச் செலுத்திய கடனாக எழுதிக்கொள்ள முடியாது. பிரியும்போது "தாபரிப்புக் கேட்க மாட்டேன்" என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும்கூட, பிள்ளையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுத்ததாக அது ஆகாது.

உங்கள் சம்பளம் கணக்கில் வரும். பராமரிக்கும் கடமை தாய்க்கும் தந்தைக்கும் பொதுவானது. அவரவர் வசதிக்கேற்ப அது பங்கிடப்படும். ஆகவே முழுச் செலவையும் அவர் தலையில் கட்ட நீதவான் சம்மதிக்கமாட்டார். உங்களுக்குச் சம்பளம் உண்டு என்பதற்காக அவரை முழுவதுமாக விட்டுவிடவும்மாட்டார்.

"அரசாங்கம் இலவசமாகத் தருகிறது" என்பது பாதி உண்மை. இலவசமாகக் கிடைப்பது விரிவுரை. சோறும் அறையும் அல்ல. ஒரு கொப்பி எடுத்து இந்த மாதத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள்: விடுதிக் கட்டணம் அல்லது அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து போகும் ரயில் அல்லது பஸ் காசு, மடிக்கணினிக்குத் தவணைக் கட்டணம், போட்டோக்கொப்பி, போன் டேட்டா, மருந்து. பற்றுச்சீட்டுகளையும் வங்கியில் காசு போட்ட சிட்டைகளையும் அதே கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக நிதியுதவியோ கிடைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அதைத்தான். நீதிமன்றத்தில் அழுது சொல்லும் கதையைவிட இந்தக் கொப்பி அதிகம் பேசும் என்பது என் அனுபவம்.

கட்டளை பிறந்த பிறகும் அவர் கட்டாவிட்டால், அரச ஊழியர் என்பது உங்களுக்குச் சாதகமே. சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி கட்டளை பெறலாம். நிலுவை வைத்திருப்பவருக்குப் பிடியாணையும் சிறையும்கூட உண்டு. தாபரிப்புப் பணம் பொதுவாக விண்ணப்பம் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், "முதலாம் ஆண்டு முடியட்டும், பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மகளுக்கு நட்டம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை அணுகலாம்.

கேள்வி: எனக்கு 20 வயது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன். சிறு வயதிலேயே எங்களை விட்டுப் போன அப்பா, இப்போது கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்க வழி உண்டா?
– ஒரு மாணவன், கொக்குவில்

பதில்: தம்பி, இங்கே கட்டளை பெறுவது ஒரு காரியம், அதை அங்கே நிறைவேற்றுவது வேறொரு காரியம். வெளிநாட்டிலிருந்து தாபரிப்பை அறவிடுவதற்கான 1956ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்திருக்கிறது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா ஆகியனவும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் துரதிர்ஷ்டம், கனடா அதில் இல்லை. ஆனால் ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம், முழுநேரக் கல்வியில் இருக்கும் மணமாகாத பிள்ளையைத் தம்மால் இயன்ற அளவுக்குப் பராமரிக்கும் கடமையைத் தாய்தந்தையர் மீது வைக்கிறது. 18 வயதோடு அது முடிவதில்லை. எனவே உங்களுக்குத் தேவை அங்கேயுள்ள ஒரு குடும்பச் சட்டத்தரணி. அவரிடம் போகுமுன், தந்தையின் பெயர் பதியப்பட்ட உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம், தந்தையின் சரியான முகவரி, இயலுமானால் வேலையிடம் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். முகவரி இல்லாமல் எந்த நாட்டிலும் வழக்கு நகராது.

கேள்வி: நான் லொறிச் சாரதி. மனைவி பிரிந்து மகனோடு கொழும்பில் இருக்கிறார். உயர்தரத்தில் மகனுக்குப் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசற்புள்ளி (Z-score) போதவில்லை. என்னைக் கேட்காமலே அவனை வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்த்துவிட்டு, பல இலட்சம் ரூபாவில் பாதியைக் கேட்கிறார். சேர்ந்து வாழும் தகப்பனை எந்த நீதிமன்றமும் இப்படி நெருக்குவதில்லையே, பிரிந்தவனை மட்டும் ஏன்?
– ஒரு தந்தை, பருத்தித்துறை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வி அமெரிக்காவில் உண்மையாகவே நீதிமன்றம் வரை போனது. பிரிந்த பெற்றோர் மீது மட்டும் கல்லூரிச் செலவைச் சுமத்திய பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தை, சேர்ந்து வாழும் பெற்றோருக்கு இல்லாத கடமையை இவர்களுக்கு மட்டும் விதிப்பது சமத்துவத்துக்கு முரண் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 1995இல் தள்ளிவிட்டது. பக்கத்து நியூ ஜேர்சியிலோ, பிரிந்த பெற்றோர் இயன்றால் கட்டத்தான் வேண்டும் என்ற 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியே போகிறார்கள். நம் சட்டத்தில் இந்தச் சிக்கல் எழாது. பராமரிக்கத் தவறும் தாய்தந்தையர் என்றுதான் அது பேசுகிறது, பிரிந்தவர் என்று அல்ல.

மற்ற விடயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சட்டம் தருவது மாதாந்தப் பராமரிப்பு. தனியார் நிறுவனத்தின் பற்றுச்சீட்டை நீட்டி அதில் பாதியைக் கேட்கும் உரிமை அல்ல. உங்கள் வருமானம், தாயின் வருமானம், மகனின் தேவை ஆகிய மூன்றையும் பார்த்தே தொகை முடிவாகும். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம் போன்ற செலவு குறைந்த வழிகள் மகனுக்கு இருந்தனவா என்பதையும் நீங்கள் எடுத்துக் காட்டலாம். ஆனால் "ஒரு சதமும் தரமாட்டேன்" என்று நின்றால், நியாயமான மறுப்பும் அலட்சியமாகத்தான் தெரியும். மாதம் உங்களால் எவ்வளவு முடியும் என்று முடிவுசெய்து, அதை மகனின் வங்கிக் கணக்குக்கே அனுப்பத் தொடங்குங்கள். கையில் கொடுக்க வேண்டாம், சிட்டை இருக்காது. பிறகு ஒரு கட்டளை வந்து, இடையில் லொறி ஓட்டம் குறைந்து வருமானமும் குறைந்தால், தொகையை மாற்றும்படி அதே நீதவானிடம் விண்ணப்பிக்கலாம்.